பரத்பூர் நீர்நிலையில் ஒரு காலைப்பொழுது

ராஜஸ்தானின் கிழக்கெல்லையில், பரத்பூர் நகரை அடுத்து அமைந்துள்ள கேவலாதேவ் தேசியப் பூங்கா சுமார் 29 சதுர கிலோமீட்டர் விஸ்தீரணம் உள்ளது. தாழ்ந்த நிலத்தில் அஜான் அணையின் நீரைப் பாய்ச்சி மனிதர் உண்டாக்கிய நீர்நிலை இது. சமஸ்தான காலத்தில் வாத்து வேட்டைக்களமாக விளங்கிய இவ்விடம் 1982-ல் தேசியப் பூங்காவாயிற்று.

மார்கழி, தை மாதங்களில் மூடுபனி விலகும் வேளையில் இதன் கரைப்பாதையில் செல்வோருக்கு முதலில் தென்படுவது பறவைகளின் பெருந்தொகையே. சற்று நின்று நோக்கின், அவை ஓர் ஒழுங்குடன் பரவியிருத்தல் புலனாகும். மிதக்கும் இலைகளின்மீது நீண்ட விரல்களை ஊன்றி இலைக்கோழி நடக்கிறது. ஆழமற்ற நீரில் மஞ்சள்மூக்கு நாரை, திறந்த அலகை அமிழ்த்தி மீனைத் துழாவுகிறது. வடநாடுகளிலிருந்து வலசை வந்த ஊசிவால் வாத்து, தலையை நீருள் விட்டு, வாலை மேலே உயர்த்தி இரை தேடுகிறது. ஆழமான பகுதியிலோ பாம்புத்தாரா மூழ்கிச்சென்று மீனை அலகால் குத்திப் பிடிக்கிறது. ஆகவே, நீர்மட்டம் ஒரு சாண் ஏறினாலும் இறங்கினாலும் பறவைகள் இடம் மாற நேரிடும்.

ஆழம் மட்டுமன்றி, நீர்ப்பரப்பு திறந்திருப்பதும் அவசியம். மேய்ச்சலை நிறுத்தினால் பறவைகளுக்கு நன்மை உண்டாகும் எனக் கருதி, 1982-ல் எருமைகளும் மாடுகளும் இங்கு மேய்வது தடைசெய்யப்பட்டது. அதையொட்டி எழுந்த மோதலில், போலீஸ் துப்பாக்கிச் சூட்டினால் கிராமவாசிகள் சிலர் உயிரிழந்தனர். பின்னர் நிகழ்ந்ததோ எதிர்பார்த்ததற்கு மாறானது. எருமைகள் தின்றுவந்த பாஸ்பாலம் என்னும் புல் கட்டுக்கடங்காது வளர்ந்து நீர்ப்பரப்பை மூடிற்று. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல்லாண்டுகள் நடத்திய ஆராய்ச்சி, நீரைத் திறந்து வைத்ததில் எருமைகளுக்குப் பெரும் பங்கு இருந்தது என்று எடுத்துக்காட்டிற்று.

எனவே, பறவைகளின் பெயர்ப்பட்டியல் மட்டும் களப்பணியாளருக்குப் போதாது. நீரின் ஆழம், புல்லின் பரவல், கால்நடைகளின் நடமாட்டம் ஆகியவற்றையும் அதே ஏட்டில் குறித்தல் வேண்டும். ஆசிரியர்கள் தம் ஊர் ஏரிக்கரையிலேயே மாணவர்களைக் கொண்டு இதனைச் செய்விக்கலாம். வாரந்தோறும் ஒரே இடத்தில், ஒரே நேரத்தில் நின்று எண்ணுவதே முறை.

வராத பறவையையும் எழுதி வைத்தல் நன்று. குளிர்காலந்தோறும் கேவலாதேவுக்கு வந்த சைபீரியக் கொக்குகள் ஆண்டுதோறும் குறைந்து, 2002-க்குப் பின் அங்கு வருவது நின்றுபோயிற்று. ஆண்டுதோறும் எண்ணி எழுதியவர்கள் இருந்தமையாலேயே இவ்வுண்மை இன்று ஐயமறத் தெரிகின்றது.