ஓட்டுநர் ஆசனம்

"அறுபது வயதை நெருங்குகிற நேரத்தில் உனக்கு இதெல்லாம் தேவையா?" என்று என்னைக் கேட்காதவர்கள் எங்கள் செம்பூர் குடியிருப்பில் குறைவு. புடவையோ நகையோ வாங்கியிருந்தால் யாரும் கேட்டிருக்க மாட்டார்கள். நான் வாங்கியது காரின் டிரைவர் சீட். அதுவும் பழைய சீட்! அந்தக் கதையைத்தான் நம் சங்க அன்பர்களிடம் பகிர்ந்துகொள்ள விரும்புகிறேன். வயதான பெற்றோருடன் ஆண்டுதோறும் ஊருக்குக் காரிலேயே போய்வரும் குடும்பங்கள் நம்மில் பல உண்டு. அவர்களில் ஒருவருக்காவது இது பயன்படலாம்.

நான் கார் ஓட்டக் கற்றது 1996இல், ஒரு மாருதி வேனில். 1984இல் வந்த அந்த வேனை மறந்தவர் யார்? அதன் இஞ்சின் முன்சீட்டுகளுக்கு அடியில் இருந்தது. முன்னால் பானெட்டே இல்லை. என் உயரம் 4 அடி 11 அங்குலம். ஆனாலும் சாலை முழுவதும் என் கண்ணுக்குத் தெரியும். குள்ளமாக இருப்பது ஒரு குறை என்று அந்த வண்டி எனக்கு ஒருநாளும் உணர்த்தியதில்லை.

2016இல் ஏழு பேர் உட்காரும் மினிவேன் வாங்கினோம். அமெரிக்காவில் 1983 இறுதியில் கிறைஸ்லர் நிறுவனம் பிரபலமாக்கிய வகை இது. குடும்பத்தோடு, மூட்டை முடிச்சோடு ஊர் போக இதைவிட வசதி வேறில்லை. எங்களுடையது விலை குறைந்த ரகம். டிரைவர் சீட்டை முன்னும் பின்னும் தள்ளலாமே தவிர, உயர்த்த முடியாது. அப்போது அது ஒரு பிரச்சினையாகத் தோன்றவில்லை. ஓட்டியது என் கணவர்தானே!

2022இல் அவருக்குப் பக்கவாதம் வந்தது. கடவுள் புண்ணியத்தில் பேச்சு திரும்பியது, நடையும் ஓரளவு திரும்பியது. வலது காலும் கையும் மட்டும் பழைய நிலைக்கு வரவில்லை. பிசியோதெரபிக்கு, டாக்டரிடம், கோயிலுக்கு, எல்லாவற்றுக்கும் நான்தான் சாரதி. சீட்டின்மேல் இரண்டு தலையணைகளை அடுக்கி உட்கார்ந்து ஓட்டினேன்.

அது எவ்வளவு தவறு என்று பிறகுதான் தெரிந்தது. சீட் பெல்ட்டின் கீழ்ப்பட்டை இடுப்பெலும்பின்மேல் படிய வேண்டும். வழுக்கும் தலையணையில் உட்கார்ந்தால், மோதலில் உடல் கீழே நழுவிப் பட்டை வயிற்றில் ஏறிவிடும். மேலும், பெடல் எட்டுவதற்காக ஸ்டியரிங்கை ஒட்டியே உட்கார்ந்திருந்தேன். ஸ்டியரிங்கின் நடுவில் இருக்கும் ஏர்பேக் கண் இமைக்கும் நேரத்தில் வெடித்து விரிவது. அதற்கும் நெஞ்சுக்கும் இடையே 25 சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும் என்பது பாதுகாப்பு வல்லுநர்களின் அறிவுரை. எனக்கு ஒரு சாண்கூட இருக்கவில்லை.

2023 டிசம்பரில் அம்பாசமுத்திரத்துக்குப் புறப்பட்டோம். புணேயைத் தாண்டி கம்பாட்கி மலைப்பாதையில் ஏறிக்கொண்டிருந்தபோது, திடீரென்று என் சீட் 'சர்'ரென்று பின்னால் ஓடியது. கால் ஆக்சிலரேட்டரை விட்டுவிட்டது. பிரேக்கும் எட்டவில்லை, கிளட்சும் எட்டவில்லை. ஸ்டியரிங்கை மட்டும் பிடித்துக்கொண்டு "முருகா!" என்று கத்தினேன். பக்கத்தில் இருந்த என் கணவர், நன்றாக இருக்கும் இடது கையைக் குறுக்கே நீட்டி ஹேண்ட் பிரேக்கை இழுத்தார். வண்டி குலுங்கி நின்றது. பின்னால் வந்த லாரி, ஹாரன் அலறச் சுற்றிக்கொண்டு போனது.

வழியில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் காட்டினோம். அவர்கள் சீட்டை இழுத்தும் தள்ளியும் பார்த்துவிட்டு, "நன்றாகத்தானே பிடிக்கிறது? மேடம் சரியாகப் பூட்டியிருக்க மாட்டார்கள்" என்றார்கள். கோலாப்பூரிலிருந்து ஒரு டிரைவரை அமர்த்திக்கொண்டு ஊர் போய்ச் சேர்ந்தோம்.

பெங்களூரில் இருக்கும் மகன், "போதும்மா, வண்டியை வித்துடலாம்" என்றான். அவர் ஒன்றும் சொல்லவில்லை. ஆனால் அதன் பிறகு நான் சாவியை எடுத்தால் அவர் முகம் மாறும். ஆறு மாதம் வண்டி உறை போட்டபடி கிடந்தது. பிசியோதெரபிக்கு ஆட்டோவில் போனோம். அவரை ஏற்றி இறக்கும்போது ஆட்டோக்காரர்கள் காட்டும் அவசரத்தை அனுபவித்தவர்களுக்குத்தான் தெரியும். 'என் கவனக்குறைவுதான் காரணமோ' என்ற எண்ணம் என்னை அரித்துக்கொண்டே இருந்தது.

அப்போதுதான், எங்கள் வண்டியின் உயர்ந்த ரகத்தில் மின்சாரத்தால் இயங்கும் டிரைவர் சீட் உண்டு என்று கேள்விப்பட்டேன். புதிதாக வாங்கக் கட்டுப்படியாகாது. குர்லாவில் பழைய உதிரி பாகங்கள் கிடைக்கும் என்று போனேன். ஒரு கடைக்காரர் உடனே மாட்டித் தருவதாகச் சொன்னார். "சீட்டில் இருக்கும் ஏர்பேக் ஒயர் சேராவிட்டால்?" என்று கேட்டேன். "சேர்க்க வேண்டாம் பெஹன்ஜி. விளக்கு எரியாமல் இருக்க ஒரு சின்ன ரெசிஸ்டர் வைத்துவிடுவேன்" என்றார் சாதாரணமாக. அதாவது ஏர்பேக் வேலை செய்யாது. ஆனால் வேலை செய்வதுபோல் வண்டி நடிக்கும். ஒரு கும்பிடு போட்டுவிட்டு வந்துவிட்டேன்.

கடைசியில் கை கொடுத்தவர், தாராவியில் வளர்ந்த ஒரு மெக்கானிக் தம்பி. பூர்வீகம் திருநெல்வேலிப் பக்கம். நான் தமிழ் வழிப் பள்ளியில் ஆசிரியையாக இருந்தவள் என்று அறிந்ததும், கடைசிவரை "டீச்சர்" என்றே அழைத்தார். பின்பக்கம் அடிபட்டு உடைக்க வந்த ஒரு வண்டியின் சீட்டைக் கண்டுபிடித்தார். வாங்குமுன் அவர் பார்த்தவை: இரண்டு வண்டிகளிலும் பாகத்தின் எண்கள் பொருந்துகின்றனவா? பக்கவாட்டுத் தையல் பிரிந்து ஏர்பேக் ஏற்கெனவே வெடித்திருக்கிறதா? ரெயிலுக்கு அடியில் சேறோ துருவோ இருக்கிறதா? வெள்ளத்தில் மூழ்கிய வண்டியின் சீட் வெளியே பளபளக்கும், உள்ளே மோட்டார் அரித்திருக்கும். மழைக்குப் பேர்போன மும்பையில் இதைப் பார்க்காமல் வாங்கவே கூடாது. விலை 18,000 ரூபாய், கூலியும் சாமானும் 4,500.

2024 ஜூன் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வேலை நடந்தது. முதலில் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றிவிட்டுச் சில நிமிடம் காத்திருந்தார். ஏர்பேக் சுற்றில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய வேண்டுமாம். அதன் பிறகே மஞ்சள் நிற இணைப்பைத் தொட்டார். அதில் டெஸ்ட் விளக்கோ மீட்டரோ வைக்கவே கூடாது, ஏர்பேக் வெடித்துவிடக்கூடும் என்றார். நான்கு போல்ட்டுகளைக் கழற்றிப் பழைய சீட்டை வெளியே தூக்கித் தலைகீழாகக் கவிழ்த்தார்.

"டீச்சர், இங்கன வந்து பாருங்க!"

ரெயிலின் உள்ளே ஓர் ஐந்து ரூபாய் நாணயம். விளிம்பெல்லாம் நசுங்கிப்போய்க் கிடந்தது. "இது குறுக்கே வந்துட்டா கொக்கியோட பல்லு பள்ளத்துல முழுசா இறங்காது. மாட்டுன மாதிரி இருக்கும், ஆனா மாட்டியிருக்காது. மேட்டுல ஏறும்போது நழுவிரும். உங்க மேல தப்பில்ல டீச்சர்" என்றார்.

நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்த என் கணவர் அந்த நாணயத்தைக் கையில் வாங்கினார். 2021 பிப்ரவரியில் ஃபாஸ்டேக் கட்டாயமாகும்வரை, சுங்கச் சாவடிக்காக அவர் டப்பாவில் சில்லறை வைத்திருப்பார். அவசரத்தில் நாலு காசு கீழே விழும். "நான் போட்டதுதான்" என்றார் மெதுவாக. ஆறு மாதமாக என் நெஞ்சில் இருந்த கல் அன்று இறங்கியது. அவரும் அழுதார், நானும் அழுதேன். மெக்கானிக் தம்பி வேலையில் கவனமாக இருப்பதுபோல் திரும்பிக்கொண்டார்.

புதிய சீட் அதே நான்கு துளைகளில் உட்கார்ந்தது. வெல்டிங் இல்லை, புதிய துளை இல்லை. அப்படிச் செய்ய நேர்ந்தால் அந்த சீட் உங்கள் வண்டிக்கு உரியதல்ல என்று விட்டுவிடுங்கள். மின் இணைப்பைச் சிகரெட் லைட்டர் ஒயரிலிருந்து எடுக்காமல், பேட்டரியிலிருந்து தனியாகத் தடித்த ஒயர் இழுத்து, பேட்டரிக்குப் பக்கத்திலேயே 30 ஆம்பியர் ஃப்யூஸ் போட்டார். மோட்டார் எங்காவது சிக்கிக்கொண்டால் அதிக மின்சாரம் இழுக்கும். மெல்லிய ஒயர் சூடாகித் தீப்பிடிக்கலாம். போல்ட்டுகளைக் கம்பெனி சொன்ன அளவுக்கு டார்க் ரெஞ்சால் முறுக்கினார். சாவியைத் திருப்பியதும் ஏர்பேக் விளக்கு எரிந்து, சில நொடிகளில் அணைந்தது. பெல்ட் விளக்கும் சரியாக வேலை செய்தது.

இந்த சீட்டில் கொக்கி கிடையாது. முன்பின் நகர, சாய, முன்முனை உயர, பின்முனை உயர என நான்கு சிறு மோட்டார்கள். மோட்டார் திருகை மறையைச் சுழற்றினால்தான் சீட் நகரும். சீட்டைத் தள்ளினால் திருகு சுழலாது. அதனால் நிறுத்திய இடத்திலேயே நிற்கும். பேட்டரி செத்தாலும் அப்படியே நிற்கும். இப்போது உயரமாகவும், ஸ்டியரிங்கிலிருந்து தள்ளியும் உட்காருகிறேன். தலையணைகள் கட்டிலுக்குத் திரும்பிவிட்டன.

1988ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம், 52ஆம் பிரிவு, பதிவுப் புத்தக விவரங்கள் மாறும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. எங்கள் வண்டியில் இருக்கைகளின் எண்ணிக்கை மாறவில்லை. இருந்தாலும் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்குக் கடிதம் எழுதி, நகலைப் பத்திரப்படுத்தியிருக்கிறேன்.

எல்லோரும் சீட்டை மாற்ற வேண்டியதில்லை. ஆனால் கைப்பிடி வைத்த சீட்டில் ஓட்டுபவர்கள் ஒன்று செய்யுங்கள். சீட்டை நகர்த்தியபின் 'கிளிக்' சத்தத்தை மட்டும் நம்பாமல், முதுகாலும் இடுப்பாலும் முன்னும் பின்னும் அழுத்திப் பாருங்கள். மாதம் ஒருமுறை ரெயிலில் டார்ச் அடித்துப் பாருங்கள். நாணயம், பேனா மூடி, பிள்ளைகளின் பொம்மை, எதுவானாலும் எடுத்துவிடுங்கள்.

2025 மே மாதம் மீண்டும் ஊருக்குப் போனோம். 1,600 கிலோமீட்டருக்கும் மேல், மூன்று நாட்கள், முழுவதும் நானே ஓட்டினேன். கம்பாட்கி மலையில் ஏறும்போது ஓரக்கண்ணால் பார்த்தேன். அவருடைய இடது கை ஹேண்ட் பிரேக்கின்மேல் இருந்தது. உச்சி வந்ததும் கையை எடுத்துவிட்டு, "காபி குடிக்கலாமா?" என்றார்.