இரும்பைத் தின்னும் மணல்!

கார்த்திகைத் தீபத் திருவிழாவின்போது திருவண்ணாமலை மாட வீதிகளில் ஒரு காட்சியைக் காணலாம். கணவனும் மனைவியும் தோளில் கரும்பைச் சுமந்து வருவார்கள். அதில் சேலையால் தொட்டில் கட்டியிருக்கும். தொட்டிலுக்குள் குழந்தை! பிள்ளை வரம் வேண்டிப் பெற்றவர்கள் செலுத்தும் நேர்த்திக்கடன் அது.

பிள்ளையைத் தாங்கும் அந்தக் கரும்பு, ஆலைக்குப் போனால் என்ன செய்கிறது தெரியுமா? இரும்பையே தேய்த்துவிடுகிறது!

வழுக்கும் உருளை

திருவண்ணாமலை மாவட்டம் கரும்பு விளையும் பூமி. செய்யாறில் கூட்டுறவு சர்க்கரை ஆலை இருக்கிறது. எந்த ஊர் ஆலையானாலும் வேலை ஒன்றுதான். கரும்பை முதலில் கத்திகள் நறுக்கும். பிறகு பிரம்மாண்டமான வார்ப்பிரும்பு உருளைகள் நசுக்கிச் சாறு பிழியும். உருளையைச் சுற்றிலும் வரிவரியாகப் பற்கள் உண்டு. அவைதான் கரும்பைக் கவ்வி உள்ளே இழுக்கின்றன.

இந்தப் பற்களைத் தேய்ப்பது கரும்பு மட்டுமல்ல. வயலிலிருந்து அதனுடன் ஒட்டி வருகிற மணலே பெரிய எதிரி! மணல் இரும்பைவிடக் கடினமானது. போதாக்குறைக்குக் கரும்புச் சாற்றில் சிறிது புளிப்பும் உண்டு. அதுவும் இரும்பை அரிக்கிறது. நாளடைவில் பற்கள் கண்ணாடிபோல் வழவழப்பாகிவிடும். உருளை சுழலும், கரும்பு உள்ளே போகாது. சாறு முழுவதும் இறங்காமல் சக்கையோடு போய்விடும்.

நஷ்டம் ஆலைக்கு மட்டுமா? கரும்பின் விலை, ஆலையின் சர்க்கரைக் கட்டுமானத்தையும் பொறுத்தது. வெட்டிய கரும்போ காத்திருக்காது. நேரம் ஆக ஆகச் சர்க்கரை குறைந்துகொண்டே போகும். நாளொன்றுக்கு 2,500 டன் அரைக்கும் ஓர் ஆலை ஒரு மணி நேரம் நின்றால், 100 டன்னுக்கு மேற்பட்ட கரும்பு வெயிலில் காயும். வண்டியோடு நிற்கும் விவசாயியின் வயிறும் காயும்!

ஓடும்போதே வைத்தியம்

இதற்குக் கைகண்ட மருந்துதான் 'ஹார்டு பேசிங்' என்னும் வெல்டிங் முறை. தேய்ந்த இடத்தில் கடினமான உலோகத்தை உருக்கி ஒட்ட வைப்பது.

தேய்ந்த கடப்பாரையின் நுனியில் எஃகு வைத்து அடித்துத் தரும் ஊர்க் கொல்லருக்கு இந்தத் தத்துவம் புதிதல்ல. முழுக் கருவியும் கடினமாக இருக்க வேண்டியதில்லை. தேயும் இடம் மட்டும் இருந்தால் போதும்.

வெல்டிங் ராடில் குரோமியமும் கரியும் இருக்கும். மின்சாரத் தீப்பொறியில் உருகி ஆறும்போது இரண்டும் சேர்ந்து குரோமியம் கார்பைடு என்ற பொடி மணிகளாகின்றன. அவை மணலைவிடக் கடினமானவை! மணலின் ஜம்பம் அங்கே சாயாது.

இன்னும் ஓர் அதிசயம். இந்த வைத்தியத்துக்கு ஆலையை நிறுத்த வேண்டியதில்லை. உருளை மெதுவாகச் சுழன்றுகொண்டிருக்கும்போதே, வெல்டர் பற்களின் மீது உலோகத்தைப் பொட்டுப் பொட்டாக வைத்துக்கொண்டே போவார். வழுக்கிய பல் சொரசொரப்பாகும். கரும்பை மறுபடி கவ்வும்.

கத்திகளும் சம்மட்டிகளும் அரவை முடிந்தபின் பட்டறைக்கு வரும். மிகவும் தேய்ந்திருந்தால் முதலில் சாதாரண எஃகால் உடலை வளர்ப்பார்கள். கடின உலோகம் மேலே இரண்டு மூன்று பூச்சுத்தான். ஆசைப்பட்டுக் கனமாகப் பூசினால் பொரிந்து விழுந்துவிடும். பூச்சின் குறுக்கே மெல்லிய விரிசல்கள் தெரிந்தால் புதியவர் பதறுவார், பழகியவர் பதறமாட்டார். ஆறும்போது இந்த உலோகம் அப்படி வெடிப்பது இயல்பு.

இது வெறும் கைப்பழக்கமல்ல, பெரிய சாஸ்திரம். இதை ஆராயவும் கற்பிக்கவும் திருச்சி 'பெல்' நிறுவனத்தில் 1975இல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமே அமைந்தது.

வெல்டரின் உயிர்

ஆனால், ஓடும் உருளையின் அருகே நிற்பது விளையாட்டல்ல. தரையெல்லாம் சாறும் தண்ணீரும், கையிலோ மின்சாரம். காலுறையும் கையுறையும் ஈரமானால் ஆபத்து. முகமூடியின்றி அந்த ஒளியைப் பார்த்தால், சில மணி நேரம் கழித்து, கண்ணில் மண் அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும், தூக்கம் வராது.

புகை அதைவிடக் கொடியது. வெல்டிங் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2017இல் முடிவு செய்தது. குரோமியம் கலந்த புகைக்கு எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். புகையை உறிஞ்சி வெளியேற்றும் குழாயும், தகுந்த சுவாச உறையும் ஆடம்பரமல்ல.

தேய்ந்த இரும்புக்குப் புதுத் தோல் போட்டுவிடலாம். வெல்டரின் கண்ணுக்கும் நுரையீரலுக்கும் அப்படிப் போட முடியாது!