வாயில்லாப் பிராணிக்கு வீட்டுச் சமையல்

வட இந்திய இல்லங்களில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்பிலிருந்து எடுக்கும் முதல் ரொட்டி பசுவுக்கு. கடைசி ரொட்டி நாய்க்கு. தமிழ்நாட்டிலோ, உண்டது போக எஞ்சிய தயிர்சோறு வாசலில் காத்திருக்கும் நாய்க்குச் செல்லும். வங்காளத்தில் மீன் அரியும் இடத்தில் பூனைக்கும் ஒரு பங்கு உண்டு. நாம் உண்பதில் ஒரு பிடியை வாயில்லாப் பிராணிகளுக்கு ஈவது இந்நாட்டின் பழம்பண்பு, அது போற்றத்தக்கதே. ஆனால் அந்த ஒரு பிடியே ஒரு பிராணியின் முழு ஆகாரமாக ஆகிவிடும்போது, நாம் சற்று நின்று சிந்திக்க வேண்டியவர்களாகிறோம்.

தெருவில் திரியும் நாயும் கொல்லையில் உலவும் பூனையும் நம் கையை மட்டும் நம்பி வாழ்வன அல்ல. எலி, பல்லி, சிறு பறவை என்று தாமே தேடி உண்டு, நாம் இடும் உணவில் உள்ள குறையை நிரப்பிக்கொள்ளும். இன்று நகரத்தில் நான்காம் மாடியில் வளரும் பூனைக்குக் கொல்லையும் இல்லை, எலியும் இல்லை. நாம் கதவைச் சாத்திய அன்றே அதன் உடலுக்கு வேண்டிய சத்து அனைத்துக்கும் நாமே பொறுப்பாளிகள் ஆகிவிட்டோம்.

இந்த உண்மையை நான் ஏட்டில் கற்கவில்லை. என் வீட்டு நாயின் துன்பத்தால் கற்றேன். டில்லியில் அரசாங்கக் குடியிருப்பில் வசிக்கும் எங்கள் வீட்டில் ஆறு கிலோ எடையுள்ள சிறு நாய் ஒன்று வளர்கிறது. சின்ன வெங்காயச் சாம்பார் வைக்கும் நாட்களில், மிஞ்சியதைச் சோற்றில் பிசைந்து அதற்குக் கொடுப்பது என் வழக்கம். ஒரு சமயம் விருந்தினர் வந்திருந்தபடியால் சாம்பாரும் குருமாவும் நாள்தோறும் மிஞ்சின; நாயும் விரும்பி உண்டது. ஐந்தாறு நாட்களுக்குள் அது மாடிப்படி ஏறமாட்டாமல் சோர்ந்து படுத்துவிட்டது. ஈறு வெளுத்தது, சிறுநீர் செம்பழுப்பாயிற்று. கால்நடை மருத்துவர் கேட்ட முதற் கேள்வி, “என்ன ஆகாரம் கொடுக்கிறீர்கள்?” என்பதே. “வீட்டுச் சாப்பாடுதான், டாக்டர். நாங்கள் உண்பதையே கொடுக்கிறோம்” என்று சற்றுப் பெருமையாகவே சொன்னேன். “அதுதான் நோய்க்குக் காரணம்” என்றார் அவர். நாய் தேறப் பல வாரங்கள் ஆயின.

வெங்காயத்திலும் பூண்டிலும் உள்ள சில கந்தகச் சேர்மங்கள், நாய், பூனை ஆகியவற்றின் இரத்தச் சிவப்பணுக்களைச் சிதைக்கும் இயல்புடையவை. வேகவைப்பதாலோ வறுப்பதாலோ இத்தீமை நீங்குவதில்லை. உடல் எடையில் கிலோ ஒன்றுக்கு 15 முதல் 30 கிராம் வெங்காயம் நாய்க்குக் கேடு செய்யும். பூனைக்கு 5 கிராமே போதும். சிறிது சிறிதாகப் பல நாள் கொடுத்தாலும் தீங்கு சேரும். அது சில நாட்கள் கழித்தே வெளிப்படுவதால், காரணம் இன்னதென்று நமக்குப் புலப்படுவதும் இல்லை.

நம் சமையலறையில் வேறு சில பொருள்களும் இவ்வகையைச் சேர்ந்தவை. பாயசத்திலும் கேசரியிலும் இடும் உலர்திராட்சை நாயின் சிறுநீரகத்தைச் செயலற்றுப் போகச் செய்யக்கூடும். சாக்லேட்டில் உள்ள தியோபுரோமின் என்னும் பொருளை நாயின் உடல் மிக மெதுவாகவே வெளியேற்றுவதால், அதன் இதயமும் நரம்புகளும் தாக்குண்ணும். சர்க்கரையில்லாத மிட்டாய்களில் சேர்க்கப்படும் சைலிட்டால் என்னும் இனிப்பு, நாயின் இரத்தச் சர்க்கரையைத் திடீரென வீழ்த்திவிடும். வேகவைத்த எலும்பு ஊசிபோல் பிளந்து குடலைக் குத்தும். இவற்றை அறவே விலக்குதல் வேண்டும்.

இனி, எதைக் கொடுக்கலாம் என்று நேயர்கள் கேட்கக்கூடும். நாயும் பூனையும் ஒரே வகைப் பிராணிகள் அல்ல என்பதை முதலில் உணர வேண்டும். நாய், பல்லாயிரம் ஆண்டுகளாக மனிதனோடு வாழ்ந்து அவன் உணவுக்குத் தன்னை ஓரளவு பழக்கிக்கொண்டது. மாவுப்பொருளைச் செரிக்கும் மரபணு ஓநாயைக் காட்டிலும் நாயிடம் பன்மடங்கு மிகுந்திருப்பதை 2013-ல் வெளிவந்த ஆராய்ச்சி ஒன்று காட்டியது. ஆதலால் சோறும் ரொட்டியும் நாய்க்குச் செரிக்கும். ஆனால் அவை மட்டும் போதா. இறைச்சியோ முட்டையோ போன்ற புரத உணவும் வேண்டும். புலால் உண்ணாத இல்லங்களில் முட்டை, பருப்பு, பனீர் ஆகியவற்றைக் கொண்டு, மருத்துவர் வகுக்கும் அளவுப்படி நாயை வளர்க்க இயலும்.

பூனையின் நிலை வேறு. அது இறைச்சி உண்டே வாழப் படைக்கப்பட்டது. டாரின் என்னும் சத்தைப் போதிய அளவு தன் உடலில் ஆக்கிக்கொள்ள அதனால் இயலாது. அச்சத்து இறைச்சியிலும் மீனிலும் உண்டு, தாவர உணவில் இல்லையென்றே சொல்லலாம். டாரின் குறைந்தால் பூனையின் விழித்திரை கெடும் என்பது 1975-லும், இதயம் வீங்கித் தளரும் என்பது 1987-லும் அமெரிக்க ஆராய்ச்சிகளால் தெளிவாயின. ஆகவே பாலும் சோறும் மட்டுமே கொடுத்துப் பூனையை அடைத்து வளர்ப்பது, அன்பின் பெயரால் செய்யும் கொடுமையாகும். வளர்ந்த பூனைகள் பலவற்றுக்குப் பால் செரிப்பதும் இல்லை.

இறைச்சி கொடுப்போரும் ஒன்றை நினைவிற் கொள்ள வேண்டும். இறைச்சியில் பாஸ்பரஸ் மிகுதி. சுண்ணாம்புச்சத்து மிகக் குறைவு. இறைச்சியும் சோறுமே உண்டு வளரும் குட்டியின் எலும்பு வலுவிழந்து, துள்ளிக் குதிக்கும்போதே முறிந்துவிடுவதும் உண்டு. ஒரு கோழிமுட்டையின் ஓட்டில் ஏறத்தாழ 2 கிராம் சுண்ணாம்புச்சத்து இருக்கிறது. அதை வேகவைத்து, உலர்த்தி, மாவாக அரைத்துச் சேர்க்கலாம். ஆனால் எவ்வளவு என்பதைப் பிராணியின் எடையும் வயதும் அறிந்த மருத்துவரே சொல்ல வேண்டும். ஈரல் நல்லதென்று நாள்தோறும் கொடுப்பதும் தவறு. வைட்டமின் ஏ மிகுந்து பூனையின் கழுத்தெலும்புகள் ஒன்றோடொன்று இணைந்து இறுகிவிடும். நாய்க்கென எழுதப்பட்ட 200 வீட்டுச் சமையல் குறிப்புகளைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தார் ஆராய்ந்து 2013-ல் முடிவை வெளியிட்டனர். அவற்றுள் 190 குறிப்புகளில் ஒரு முக்கியச் சத்தேனும் குறைவாக இருந்தது. முழு ஆகாரத்தையும் வீட்டிலேயே சமைக்க விரும்புவோர் மருத்துவரைக் கலந்தே தொடங்குவது நலம்.

தின்பண்டம் செய்வதற்கோ இவ்வளவு அச்சம் தேவையில்லை. ஒரு கிண்ணம் கோதுமை மாவு, அரைக் கிண்ணம் கேழ்வரகு மாவு, வேகவைத்து மசித்த பரங்கிக்காய் அரைக் கிண்ணம், ஒரு முட்டை ஆகியவற்றை உப்பும் சர்க்கரையும் இன்றிப் பிசைந்து, தடித்த அப்பளமாக இட்டு, சிறு வில்லைகளாக அறுத்து, கனத்த தோசைக்கல்லில் சிறு தீயில் இருபுறமும் மொறுமொறுப்பாகும்வரை வாட்டி எடுத்தால், நாய்க்கு நல்ல பிஸ்கோத்து ஆயிற்று. குளிர்காலத்தில் டில்லித் தெருமுனைகளில் சுட்டு விற்கும் சர்க்கரைவள்ளிக்கிழங்கும் ஏற்றதே; மசாலாவும் எலுமிச்சையும் சேர்க்குமுன் வாங்கிவிட வேண்டும். பூனைக்கு, உப்பின்றி வேகவைத்த கோழியிறைச்சியோ முள் நீக்கிய மீனோ விரற்கடை அளவு போதும்.

தின்பண்டம் ஒரு நாளைய ஆகாரத்தில் பத்தில் ஒரு பங்குக்கு மேற்படலாகாது என்பது மருத்துவர்களின் விதி. பத்துக் கிலோ எடையுள்ள நாய்க்கு ஒரு நாளைக்கு ஏறத்தாழ 600 கலோரி தேவை. நாம் போகிறபோக்கில் போடும் ஒரு சப்பாத்தியே ஏறத்தாழ 100 கலோரி. அது பத்தில் ஒரு பங்கைத் தாண்டிவிடுகிறது.

எங்கள் வீட்டில் இப்போது நாய்க்கென ஒரு சிறு பாத்திரம் தனியே அடுப்பேறுகிறது. வெங்காயம் அரியத் தொடங்குமுன் அதை இறக்கி வைத்துவிடுகிறோம். அதனால் கூடும் வேலை கால் மணி நேரம்; கதவைச் சாத்தி ஓர் உயிரை நம்மோடு வைத்துக்கொண்டவர்களுக்கு அது பெரிதன்று.