பட்டம் பெற்ற பிள்ளையும் வங்கிக் கடனும்



மும்பையிலும் பெங்களூருவிலும் டெல்லியிலும் வந்து குடியேறிய நம் சபைக் குடும்பங்களில், பிள்ளை பட்டம் பெற்றவுடன் ஸ்தோத்திர ஜெபம் ஏறெடுக்கிறோம். பிள்ளை முன்னே நின்று சாட்சி சொல்லுகிறான்; சபையார் மகிழ்ந்து தேவனைத் துதிக்கிறார்கள். ஆனால் அந்தப் படிப்புக்காக வாங்கிய கடனைப்பற்றி அன்று ஒருவரும் பேசுவதில்லை. ஓராண்டு கழித்து வங்கியிலிருந்து கடிதம் வரும்போதுதான் வீட்டின் சமாதானம் குலைகிறது. பிள்ளை தகப்பனுடைய முகத்தைப் பார்க்க அஞ்சுகிறான். தகப்பன் ஆராதனைக்கு வரக் கூசுகிறார்.

2 இராஜாக்கள் 4-ஆம் அதிகாரத்தில், கர்த்தருக்குப் பயந்து நடந்த ஒருவருடைய விதவை கடனில் நின்றதை வாசிக்கிறோம். கடன் கொடுத்தவன் அவளுடைய இரண்டு குமாரரையும் அடிமைகளாக்கிக்கொள்ள வந்தான். தேவபக்தியுள்ள வீட்டிலும் கடன் வரக்கூடும் என்பதை வேதம் மறைக்கவில்லை. எலிசா அவளை ஒளிந்துகொள்ளச் சொல்லவில்லை. வீட்டில் இருப்பது என்னவென்று விசாரித்தார். அற்புதம் நடந்த பின்பும், எண்ணெயை விற்று முதலாவது கடனைத் தீர்க்கவும், மீந்ததைக்கொண்டு பிழைக்கவும் சொன்னார். அற்புதம் கடனைத் தீர்க்க வழியைத் திறந்தது. தீர்க்கவேண்டிய கடமையை நீக்கவில்லை.

கணக்கை அறிந்துகொள்ளுங்கள்

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதற்குப் பின் ஓராண்டும் பொதுவாகத் தவணை கேட்கப்படுவதில்லை. ஆனால் வட்டி உறங்குவதில்லை. ஆண்டுக்கு 1 லட்சமாக நான்கு ஆண்டுகளில் 4 லட்சம் ரூபாய் பெற்றதாகவும், வட்டி 10 சதவீதம் என்றும் வைத்துக்கொள்ளுங்கள். தவணை தொடங்கும் நாளில் தனிவட்டியாக மட்டும் 1,40,000 ரூபாய் சேர்ந்து, கடன் 5,40,000 ஆகிவிடும். அதைப் பத்து ஆண்டுகளில் அடைத்தால் மாதத் தவணை ஏறத்தாழ 7,140 ரூபாய். ஐந்து ஆண்டுகளில் அடைத்தால் ஏறத்தாழ 11,470 ரூபாய். சிறிய தவணை இலகுவாகத் தோன்றும். ஆனால் முடிவில் ஒன்றரை லட்சத்துக்கும் மேல் அதிகமாகச் செலுத்தியிருப்பீர்கள்.

குடும்ப வருமானம் குறைந்தவர்களுக்காக மத்திய அரசு 2009-ஆம் ஆண்டில் வட்டி மானியத் திட்டம் ஒன்றைக் கொண்டுவந்தது. உங்கள் கணக்கில் மானியம் வரவு வைக்கப்பட்டதா என்று வங்கியில் கேளுங்கள். மாறும் வட்டியில் தனிநபர் வாங்கிய கடனை முன்கூட்டியே அடைத்தால் வங்கிகள் அபராதம் வாங்கக்கூடாதென்று ரிசர்வ் வங்கி 2014-இல் அறிவித்தது. ஆகையால் போனஸ் கிடைக்கும்போது ஒரு பகுதியை அசலில் செலுத்துங்கள்.

மௌனம் கடனைப் பெருக்கும்

வேலை கிடைக்கத் தாமதமானால் ஒளியாதீர்கள். 90 நாட்களுக்கு மேல் தவணை நிலுவையில் நின்றால் வங்கி அதை வாராக்கடனாக வகைப்படுத்தும். பெற்றோரும் இணைக்கடனாளியாகக் கையெழுத்திட்டிருப்பதால், அந்தக் கறை இருவருடைய கடன் வரலாற்றிலும் படியும். நாளை தகப்பன் வீட்டுக் கடன் கேட்டாலும் அது தடையாய் நிற்கும். அந்த நாள் வருமுன்னே கிளை மேலாளரைச் சந்தித்து, நிலைமையைச் சொல்லி, அவகாசமோ தவணை மாற்றமோ எழுத்து மூலமாகக் கேளுங்கள்.

நமக்கு இன்னொரு ஆபத்தும் உண்டு. கடன் வாங்கிய கிளை சொந்த ஊரில் இருக்கும். நாமோ வாடகை வீடு மாறிக்கொண்டே இருக்கிறோம். கடிதம் பழைய விலாசத்துக்குப் போய்ச் சேரும். வீடு மாறும்போதெல்லாம் விலாசத்தையும் கைப்பேசி எண்ணையும் வங்கியில் மாற்றுங்கள்.

கடனுக்குக் கடன் வேண்டாம்

முதல் சம்பளம் வந்தவுடன் வங்கி கிரெடிட் கார்டையும் ஓவர்டிராஃப்ட் வசதியையும் நீட்டுகிறது. இருப்புக்கு மேல் எடுக்க அனுமதிக்கப்பட்ட தொகை உங்கள் சம்பளம் அல்ல, அதுவும் கடனே. கிரெடிட் கார்டில் 20,000 ரூபாய் நிலுவை வைத்து, மாதம் மூன்றரை சதவீதம் வட்டியானால், மாதம் 700 ரூபாய் வட்டிக்கே போகும். கல்விக் கடனின் தவணையை இதிலிருந்து கட்டுவது, ஓட்டைப் பாத்திரத்தில் எண்ணெய் வார்ப்பதாகும். அதிக வட்டியுள்ள கடனை முதலில் அடையுங்கள்.

வசூல் செய்வோர் மிரட்டினால் கலங்காதீர்கள். காலை 8 மணிக்கு முன்னும் மாலை 7 மணிக்குப் பின்னும் அழைக்கக்கூடாதென்று ரிசர்வ் வங்கி 2022-இல் கட்டளையிட்டது. முதலில் வங்கியில் எழுத்து மூலம் புகார் செய்யுங்கள்; 30 நாட்களில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் முறையிடலாம்.

சபைக்கு ஒரு வார்த்தை

கடன்பட்ட வாலிபனை விசுவாசக் குறைவுள்ளவன் என்று தீர்க்காதீர்கள். காணிக்கை கொடுக்கவென்று அவன் கடன் வாங்கும்படி நெருக்காதீர்கள். கர்த்தர் ஒருவனுக்கு உள்ளதன்படியே கேட்கிறார். திருமணப் பேச்சு நடக்கும்போது கடனை மறைக்காமல் சொல்லப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுங்கள். மறைத்த கடன் மணவாழ்வின் முதல் ஆண்டிலேயே வெளிப்பட்டுக் கண்ணீரைக் கொண்டுவரும்.

அந்த விதவை தன் பிள்ளைகளோடே உள்ளே போய்க் கதவைப் பூட்டினாள். பெற்றோரே, பிள்ளைகளே, இந்த மாதத்தில் ஒரு மாலை நீங்களும் அப்படியே செய்யுங்கள். வங்கிக் காகிதங்களை எல்லாம் நடுவிலே விரித்து, ஒருவரையொருவர் குற்றப்படுத்தாமல் கூட்டிப் பாருங்கள். பின்பு முழங்காற்படியிட்டு ஜெபியுங்கள். கணக்கு தெரிந்த பின்பு ஏறெடுக்கும் ஜெபத்தில் பயம் குறையும். கடன் தீரும் நாளில் மீண்டும் ஒரு சாட்சி சொல்லுங்கள். அதைக் கேட்க அநேகர் காத்திருக்கிறார்கள்.