எஞ்சினைத் திறக்கும் முன்

விரிஞ்சிபுரம் மார்க்கபந்தீஸ்வரர் கோயிலில் மணி காட்டும் கல் ஒன்று இருக்கிறது. பிறை வடிவம், வளைவில் மணிக்குரிய எண்கள். மேலே உள்ள பள்ளத்தில் குச்சியை வைத்தால் எந்த எண்ணில் நிழல் விழுகிறதோ அதுதான் நேரம். இன்று அங்கே வருகிறவர்கள் கைப்பேசியில் மணி பார்த்துவிட்டு, கல் சரியாகக் காட்டுகிறதா என்று பரிசோதிக்கிறார்கள்! விடையை முதலில் பார்த்துவிட்டு அப்புறம் கேள்விக்கு வருவது. செஸ் பழகும் பிள்ளைகளிடமும் இதே பழக்கம்தான்.

ஆட்டத்தில் தோற்ற மறுநொடி, நகர்த்தல்களை அலசும் கணினி நிரலான எஞ்சினைத் திறக்கிறார்கள். எங்கே தப்பு என்று அது சிவப்பில் காட்டுகிறது. "அட, ஆமால்ல" என்று தலையாட்டிவிட்டு அடுத்த ஆட்டத்துக்குப் போகிறார்கள். அடுத்த வாரம் அதே இடத்தில் அதே குதிரையைப் பறிகொடுக்கிறார்கள்.

செஸ் வீரர் குகேஷுக்குச் சிறுவயதில் பயிற்சியளித்த விஷ்ணு பிரசன்னா இதை வேறு மாதிரி அணுகினார். கிராண்ட்மாஸ்டர் ஆகும்வரை அந்தச் சிறுவனை எஞ்சின் பக்கமே விடவில்லை. எல்லோரும் கணினியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்த காலத்தில் இது அசாத்தியத் துணிச்சல். 2019 ஜனவரியில் 12 வயது 7 மாதத்தில் குகேஷ் கிராண்ட்மாஸ்டர்; 2024 டிசம்பர் 12 அன்று, சிங்கப்பூரில், 18 வயதில் உலக சாம்பியன். எஞ்சினை ஒதுக்கியதால்தான் ஜெயித்தார் என்று சொல்லிவிட முடியாது. ஆனால் தானே கணக்கிட்டுப் பழகிய மூளை அது.

அந்தப் பழக்கம் மூளையில் என்ன செய்கிறது? 1973-இல் சேஸ், சைமன் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் ஒரு பலகையை ஐந்து நொடி மட்டும் காட்டி, காய்களை நினைவிலிருந்து அடுக்கச் சொன்னார்கள். உண்மையான ஆட்டத்திலிருந்து எடுத்த நிலை என்றால் தேர்ந்த ஆட்டக்காரர் ஏறக்குறைய 16 காய்களைச் சரியாக வைத்தார், புதியவர் நாலைந்து. காய்களைக் கண்டபடி இறைத்துக் காட்டியபோது அந்த வித்தியாசம் பெரும்பாலும் மறைந்துபோனது. அப்படியானால் தேர்ந்தவருக்குப் பிறவியிலேயே அபார ஞாபகசக்தி என்பதில்லை. காய்களைத் தனித்தனியாகப் பார்க்காமல், கோலத்தில் புள்ளியையும் இழையையும் சேர்த்துப் பார்ப்பதுபோல், கொத்துக்கொத்தாகப் பார்க்கிறார். அந்தக் கொத்துகள் தலைக்குள் சேர்வதற்குத்தான் பயிற்சி.

சரி, அம்மா விடியற்காலை ஷூ கம்பெனி பஸ்ஸுக்கு ஓடும் ஒரு வீட்டில், கோச்சுக்குக் கட்டப் பணமில்லாத பிள்ளைக்கு நாளில் ஒரு மணி நேரம் கிடைக்கிறது. என்ன செய்யலாம்?

ஞாயிற்றுக்கிழமை ஒரே ஒரு நீண்ட ஆட்டம். ஆளுக்கு அரை மணியாவது வேண்டும். ஒவ்வொரு நகர்த்தலையும் நோட்டில் எழுத வேண்டும். மூன்று நிமிட ஆட்டங்கள் கைக்கு வேகம் தரும். சிந்தனைக்கு அவ்வளவாக எதுவும் தராது. திங்கட்கிழமை, எஞ்சின் இல்லாமல், அந்த ஆட்டத்தை மறுபடி ஆடிப் பார்த்து ஓரத்தில் நீலப் பேனாவில் எழுதுவது: இங்கே என்ன நினைத்தேன், எதைப் பார்க்கத் தவறினேன். அதற்குப் பிறகே எஞ்சின். அது சொல்வதைச் சிவப்பில் எழுதலாம். இரண்டு நிறமும் எங்கே முரண்படுகிறதோ அங்கேதான் பாடம்.

மற்ற நாட்களில் புதிர்கள். காயைத் தொடாமல் விடையை முழுக்க எழுதிய பிறகே பின்பக்கத்தைப் புரட்ட வேண்டும். தவறியவற்றைத் தனியே குறித்து மறுநாள், மூன்று நாள் கழித்து, ஒரு வாரம் கழித்து மறுபடி போடலாம். நினைவு எவ்வளவு சீக்கிரம் கரைகிறது என்பதை எபிங்ஹாஸ் என்ற ஜெர்மானியர் 1885-லேயே தன்மீதே சோதித்து எழுதிவிட்டார். இடைவெளிவிட்டுத் திரும்பப் படித்தால் நிலைக்கிறது என்பதையும். வாரத்தில் ஒருநாள் முடிவாட்டம்: ராஜாவும் சிப்பாயும், யானையும் சிப்பாயும். தொடக்க நகர்த்தல்களை மனப்பாடம் செய்வதில் இந்த நிலையில் ஒரு மணியைக்கூட நான் செலவிட மாட்டேன்.

எவ்வளவு காலம் பிடிக்கும்? அர்ஜென்டினா ஆட்டக்காரர்களிடம் கோபே, காம்பிடெல்லி நடத்திய ஆய்வு 2007-இல் வெளியானது. மாஸ்டர் நிலையை எட்டச் சராசரியாக 11,000 மணி நேரம் பிடித்தது. ஒருவர் ஏறக்குறைய 3,000 மணியிலேயே எட்டினார், இன்னொருவருக்கு 23,000-க்கும் மேல். ஆளுக்கு ஆள் இவ்வளவு வித்தியாசம் இருக்கும்போது பக்கத்து வீட்டுப் பிள்ளையோடு ஒப்பிட்டு வீட்டில் திட்டுவது வீண்.

இருபது ஆட்டம் எழுதி முடிந்ததும் நோட்டை ஒருமுறை புரட்டிப் பாருங்கள். சிவப்பு மை அநேகமாக ஒன்றிரண்டு காரணங்களையே திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கும். குதிரை இரண்டு காய்களை ஒரே சமயத்தில் மிரட்டியதைப் பார்க்கவில்லை என்று ஆறு பக்கத்தில் இருந்தால், அடுத்த மாதம் முழுக்கக் குதிரைப் புதிர்கள்தான்.