கைபேசித் திரையமைக்கும் தொழில்: புதிதாய்ப் பயில்வோர்க்கு

நெசவாளரும் விவசாயியும் இன்று கைபேசியைத் தொடாது ஒரு நாளைக் கழித்தல் அரிதாகிவிட்டது. நூலுக்குத் தேவை பதிவதும், விளைபொருளின் விலையறிவதும், வங்கிக் கணக்கைப் பார்ப்பதும் அச்சிறு திரையின் வழியே நடைபெறுகின்றன. ஆயின் அத்திரையை அமைப்பவர் யார், அவர் அதனை எவ்வாறு கற்றார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அங்கத்தினர் சிலர் தம் பிள்ளைகள் இத்தொழிலைப் பயில விரும்புவதாகக் கூறி நம்மிடம் விவரம் கேட்டனர். அவர்கள் பொருட்டே இதனை எழுதுகிறோம்.

தவறு யாருடையது?

நாம் நேரில் கண்ட ஒரு நிகழ்ச்சியை முதலிற் கூறுவோம். ஒரு நெசவாளர் சங்கத்தில் நூல் தேவையைக் கைபேசியிலேயே பதியும் முறை வந்தது. திரையில் இரண்டு பெட்டிகள் அடுத்தடுத்து இருந்தன. இரண்டும் ஒரே அளவு, ஒரே நிறம். ஒன்று நூலின் நம்பருக்கு. மற்றொன்று எத்தனை கட்டு என்பதற்கு. முப்பது ஆண்டுகளாகத் தறியில் அமர்ந்த முதியவர் ஒருவர், 60ஆம் நம்பரில் 2 கட்டு கேட்க எண்ணி, எண்களை இடம் மாற்றிப் பதிந்துவிட்டார். அவர் பெயரில் 60 கட்டு நூலுக்குப் பற்று எழுதப்பட்டது. பதிந்ததைத் திருத்த அத்திரையில் வழியே இல்லை. மூன்று முறை அலுவலகத்துக்கு நடந்த பிறகே கணக்கு நேராயிற்று. அவ்வளவுக்கும் அவர் சொன்னது, “எனக்குப் படிப்புப் போதாதுங்க, தப்பு என்னோடதுதானுங்க” என்பதே.

தவறு அவருடையதன்று. அமெரிக்க அறிஞர் டொனால்டு நார்மன் 1988இல் வெளியிட்ட நூலொன்றில், அன்றாடப் பொருள்களைக் கையாள்வதில் மனிதர் தடுமாறினால் பெரும்பாலும் குற்றம் பொருளை அமைத்த முறையிலேயே இருக்கிறது என்று விளக்கினார். 1993இல் ஆப்பிள் நிறுவனத்திற் சேர்ந்தபோது, ‘பயனர் அனுபவம்’ என்னும் தொடரைத் தம் பதவியின் பெயரிலேயே அமைத்துக்கொண்டார். யு.எக்ஸ். என்று இன்று சுருக்கி வழங்குவது இதுவே.

நம் தறியையே நோக்குக. மிதி காலடியில் இருக்கிறது. மிதித்தவுடன் பாவு பிரிகிறது. நாடா செல்லும் வழி கண்ணுக்குத் தெரிகிறது. எதைச் செய்வது, செய்தது நிறைவேறியதா என்று யாரும் வந்து சொல்ல வேண்டுவதில்லை. நல்ல திரையும் அவ்வாறே இருத்தல் வேண்டும்.

இரு சொற்களின் பொருள்

இத்தொழிலில் யு.ஐ., யு.எக்ஸ். என இரண்டு சொற்கள் வழங்குகின்றன. சேலையின் கரை, முந்தானை, நிறச் சேர்க்கை ஆகியவற்றை ஒத்தது முன்னது. எழுத்தும் வண்ணமும் பொத்தானும் அதனுள் அடங்கும். அச்சேலை உடுத்த ஏற்றதா, சாயம் நிற்குமா, கொசுவம் அமையுமா என்று நோக்குவது பின்னது. கரை எவ்வளவு அழகாயிருப்பினும் சாயம் போகுமாயின் வாங்கியவர் மறுபடி வாரார். அழகிய படங்களை வரைவதே தொழிலென எண்ணித் தொடங்கும் மாணவர் இதனை முதலிலேயே உணர்தல் நன்று.

இக்கலை நமக்கு முற்றிலும் புதியதுமன்று. 1984இல் வெளிவந்த மக்கின்டோஷ் கணினியின் சிறு சின்னங்களை வரைந்த சூசன் கேர் அம்மையார், கட்டமிட்ட தாளில் பக்கத்துக்கு 32 கட்டங்களாக எண்ணி நிரப்பியே அவற்றை உருவாக்கினார். கரைக்குப் பூ அமைக்கும் நம் டிசைன்காரர் கிராப் தாளில் செய்வது இதுவேயன்றோ? 1958இல் இந்திய அரசுக்கு அறிக்கையளித்த சார்லஸ் ஈம்ஸ், ரே ஈம்ஸ் தம்பதியர் நல்ல வடிவமைப்புக்குச் சான்றாக நம் நாட்டுச் சொம்பையே எடுத்துக்காட்டினர். அவ்வறிக்கையின் பின்னர் 1961இல் ஆமதாபாத்தில் தேசிய வடிவமைப்புக் கழகம் தோன்றியது.

பயிலும் முறை

முதற்படி, உற்று நோக்குதல். பேருந்து நிலையத்திலோ சங்க வாயிலிலோ கைபேசியுடன் தடுமாறும் ஒருவர் அருகே அமர்ந்து, அவர் விரல் எங்கே நிற்கிறது, எந்தச் சொல்லில் நெற்றி சுருங்குகிறது என்று குறித்துக்கொள்க. இடையிற் புகுந்து உதவுதல் கூடாது. உதவினால் குறை மறைந்துவிடும்.

இரண்டாவது, தாளில் வரைதல். பென்சிலும் தாளும் போதும். ஒவ்வொரு திரைக்கும் ஒரு தாள். வரைந்ததைப் பயன்படுத்துவோரிடம் கொடுத்து, விரலால் தொட்டுக் காட்டச் சொல்க. தவறாயின் அழித்து வரையலாம், பொருட்செலவில்லை.

மூன்றாவது, சோதித்தல். ஐந்து பேரிடம் சோதித்தாலே குறைகளில் ஏறத்தாழ 85 விழுக்காடு வெளிப்படும் என்பது ஜேக்கப் நீல்சன் என்ற வல்லுநர் 2000இல் எழுதிய கணக்கு. அவர் 1994இல் வகுத்த பத்து நெறிகளையும் மாணவர் கற்க வேண்டும். நடப்பதைப் பயனருக்குத் தெரிவி, அவர் பேசும் சொல்லையே வழங்கு, செய்ததை மாற்ற வழி வை, பிழை நேருமுன் தடு என்பன அவற்றுட் சில.

நான்காவதாகவே கணினிக் கருவி. ஃபிக்மா, பென்பாட் முதலியவற்றைப் பயில்வோர் கட்டணமின்றியே தொடங்கலாம். சில அளவுகளும் மனத்திலிருக்கட்டும். தொடும் பொத்தான் சுமார் 9 மில்லிமீட்டருக்குக் குறையாதிருத்தல் வேண்டும் என்பது ஆண்ட்ராய்டு வழிகாட்டுதல். எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு 4.5க்கு 1 என்ற அளவேனும் இருக்க வேண்டும் என்று 2008இல் வெளியான சர்வதேச வலை விதிகள் கூறுகின்றன. வயலில் வெயிலில் நின்று படிப்பவருக்கு இதன் அருமை தெரியும். தமிழ்ச் சொற்கள் ஆங்கிலத்தினும் நீண்டு வருதலால், பொத்தானை ஆங்கிலத்துக்கு அளந்து செய்தல் ஆகாது.

ஓர் எச்சரிக்கையும் வேண்டும். சில வாரங்களில் வேலை நிச்சயம் என்று விளம்பரம் செய்து பெருந்தொகை கேட்போர் உளர். பணம் கட்டுமுன், அங்கே முன்னர்ப் பயின்றவர் செய்த வேலையைக் கேட்டுப் பார்க்கவும். இத்தொழிலில் சான்றிதழைவிட, ஒரு குறையைக் கண்டு அதனைத் தீர்த்த வரலாறே மதிக்கப்படும்.

பேத்தி வரைந்த தாள்

மேற்கூறிய முதியவரின் பேத்தி, பிளஸ் டூ முடித்தவள், சங்கத் திண்ணையில் அமர்ந்து அந்தத் திரையைத் தாளில் மாற்றி வரைந்தாள். முதல் தாள் தோற்றது. ‘நூல் எண்’ என்று அவள் எழுதியதை ஐவரில் மூவர் பாஸ் புத்தகத்தின் எண் என்று கொண்டனர். ‘எத்தனையாம் நம்பர் நூல்?’ என்று மாற்றினாள். ஒரு திரைக்கு ஒரு கேள்வியென வைத்தாள். முடிவில், ‘60ஆம் நம்பர், 2 கட்டு. சரியா?’ என்று கேட்கவும், இல்லையெனில் திரும்பவும் வழி செய்தாள். மூன்றாம் தாளில் ஐவரும் பிழையின்றி முடித்தனர். சங்கம் அத்தாள்களை உரியவர்க்கு அனுப்பியிருக்கிறது.

அவளுக்குச் செலவு ஒரு நோட்டுப் புத்தகமும் நான்கு மாலைப் பொழுதுகளுமே. தாத்தா மூன்றாம் தாளைத் தொட்டு முடித்தபின், “இப்போ தப்பு வரலையே” என்றார். தப்பு தம்முடையதன்று என்பதை அவர் அன்றுதான் நம்பினார். பயில விரும்பும் இளைஞர்கள் தம் வீட்டுப் பெரியவர் அருகே அமர்ந்தே தொடங்குவார்களாக.