மின்நூல் கருவி: வாங்கலாமா?

யாழ்ப்பாணத்தில் கடைக்காரர் சிலர் கிண்டில் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். அதன் மின்மைத் திரை கண்ணைக் கூசாது. ஒருமுறை சார்ஜ் ஏற்றினால் வாரக்கணக்கில் நிற்கும். மின்வெட்டுக்குப் பழகிய நமக்கு அது பெரிய விடயம்தான்.

ஆனால் வாங்கும் நூல் நம் சொத்தல்ல, வாசிக்கும் அனுமதி மட்டுமே. 2009இல் உரிமைச் சிக்கலென்று அமேசான், ஆர்வெலின் நூல்களை வாசகரின் கருவிகளிலிருந்தே அழித்துப் பணத்தைத் திருப்பிக் கொடுத்தது. விற்ற சரக்கை வீடு புகுந்து எடுத்தால் எந்த வாடிக்கையாளர் பொறுப்பார்?

காகிதத்துக்கும் பாதுகாப்பில்லை. 1981இல் யாழ் பொது நூலகம் எரிந்தது. 1990 ஒக்டோபரில் விரட்டப்பட்ட நம்மவர் வீட்டுப் புத்தகங்களை விட்டுத்தான் போனார்கள். 2005இல் தொடங்கிய நூலகம் மின்னூலகத்தில் ஈழத்து நூல்கள் இலவசம். பெரும்பாலும் பக்கப் படங்கள். ஆறங்குலத் திரையில் எழுத்து பொடியாகிவிடும். அவற்றுக்காகவென்றால் பெரிய டெப்லட்டே மேல்.